மூன்று பிறவி எடுத்த கைத்துப்பாக்கி

புது மாடல் எது வந்தாலும் வந்த மாதமே வாங்காதே, ஆறு மாதம் பொறு என்று எங்கள் ஹாஸ்டல் சீனியர்கள் சொல்வார்கள். போன், பைக், லேப்டாப் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். முதல் லாட்டில் வாங்குகிறவன், தன் கைக்காசைப் போட்டு கம்பெனிக்கு டெஸ்டிங் வேலை செய்து தருகிறான் என்பது அவர்கள் வாதம். பேச்சைக் கேட்காமல் நான் வாங்கிய போன் இருபதாம் நாளே படுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் தூங்கி எழுந்து வந்தது. போன் என்பதால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆபத்து நேரத்தில் உயிரைக் காப்பாற்றும் என்று நம்பி இடுப்பில் செருகிக்கொள்கிற ஒரு பொருளுக்கு இதே கதி வந்தால்?

வந்திருக்கிறது. 2014-ல், அமெரிக்காவில், ரெமிங்டன் என்ற மிகப் பழைய கம்பெனி வெளியிட்ட ஆர்51 என்ற சிறிய கைத்துப்பாக்கிக்கு. அந்தக் கதைதான் இன்றைய கட்டுரை. நான் துப்பாக்கி ரசிகன் எல்லாம் இல்லை. என்.சி.சி. கேம்ப்பில் .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுட்டிருக்கிறேன், ஐந்தில் ஒன்றுகூட அட்டையில் படவில்லை :) மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற முறையில்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் இதில் தோற்றது டிசைன் அல்ல. டிசைன் அதற்குச் சுமார் நூறு வருடம் முன்பே ஜெயித்துவிட்டது.

அங்கிருந்தே தொடங்குவோம்.

ஜான் டக்ளஸ் பெடர்சன் என்று ஒருவர். 1881-ல் நெப்ராஸ்காவில் பிறந்தவர், பெற்றோர் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள். ரெமிங்டனுக்காக வரிசையாக ஷாட்கன்களும் ரைஃபிள்களும் வடிவமைத்தார். துப்பாக்கி உலகத்தில் ஜான் பிரவுனிங் என்ற பெயர் எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த பிரவுனிங்கே பெடர்சனை மிக உயர்வாகப் பேசியதாக அமெரிக்க ராணுவத்தின் ஆயுத நிபுணர் ஜூலியன் ஹாட்சர் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் பெடர்சனுக்குக் கடைசி நிமிடத்தில் கைவிடும். முதல் உலகப் போரில், சாதாரண ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் சொருகினால் அது தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்படி ஒரு கருவி செய்தார். 40 தோட்டா பிடிக்கும் மேகஸின். பரம ரகசியமாக 65,000 செய்தார்கள். 1919-ல் நடத்தத் திட்டமிட்ட தாக்குதலுக்காக அவை காத்திருந்தபோது 1918 நவம்பரில் போரே முடிந்துவிட்டது! பின்னர் அவற்றில் பெரும்பகுதியை அரசே அழித்தது. அதற்குப் பிறகு அவர் வடிவமைத்த ராணுவ ரைஃபிளும் கரண்ட் என்பவரின் ரைஃபிளிடம் தோற்றுப்போனது.

அவர் செய்த கைத்துப்பாக்கிதான் ரெமிங்டன் மாடல் 51. 1918-ல் .380 காலிபரில் விற்பனைக்கு வந்தது, பிறகு .32 காலிபரிலும் வந்தது. 1920-களின் பிற்பகுதியில் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றது. மொத்தம் ஏறக்குறைய 65,000 செய்யப்பட்டன (இங்கேயும் அதே எண்!). பின்னாளில் ஜெனரலாகப் புகழ்பெற்ற ஜார்ஜ் பேட்டன் ஒன்று வைத்திருந்தார்.

இந்தத் துப்பாக்கியின் உள்ளே என்ன விசேஷம் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

தோட்டா வெடிக்கும்போது குண்டை முன்னால் தள்ளுகிற அதே அழுத்தம், வெற்றுக்கூட்டைப் பின்னாலும் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியே போகும் வரை பின்பக்கக் கதவு திறக்கக் கூடாது. திறந்தால் கொதிக்கும் வாயு சுடுகிறவன் கைப்பக்கம் வரும். சிறிய தோட்டாக்களுக்கு ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் போதும், அவையே கதவைப் பிடித்துக்கொள்ளும். தோட்டா பெரிதானால் ஒரு பூட்டு வேண்டும். பிரவுனிங் கண்டுபிடித்த வழியில் குழலும் ஸ்லைடும் கொக்கி போட்டுக்கொண்டு சேர்ந்து கொஞ்சம் பின்னால் வந்து, பிறகு குழல் கீழே சாய்ந்து பூட்டு விடுபடும். உலகத்தில் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் இப்படித்தான்.

பெடர்சன் வேறு மாதிரி யோசித்தார். குழலை பிரேமோடு அசையாமல் பொருத்தினார். ஸ்லைடுக்குள் தனியாக ஒரு பிரீச் பிளாக் வைத்தார், அதுதான் கதவு. வெடித்தவுடன் பிளாக்கும் ஸ்லைடும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னால் வரும். அங்கே பிரேமில் இருக்கும் ஒரு மேட்டில் பிளாக் முட்டி நின்றுவிடும். ஸ்லைடு மட்டும், வாங்கிய வேகத்தில், தொடர்ந்து ஓடும். கொஞ்ச தூரம் ஓடியதும் அது பிளாக்கை மேட்டிலிருந்து தூக்கிவிடும், பிறகு இரண்டும் சேர்ந்து பின்னால் போகும். அந்த ஒரு கணத் தயக்கத்துக்குள் குண்டு வெளியே போய், அழுத்தமும் இறங்கிவிடும். தயங்கித் திறக்கும் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாபம் என்ன? குழல் சாய வேண்டியதில்லை, திரும்புகிற ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே மாட்டலாம். துப்பாக்கி ஒல்லியாகும். குழல் கைக்கு மிக அருகில் தாழ்வாக உட்காரும், அதனால் சுடும்போது முனை அதிகம் எகிறாது. நஷ்டம் என்ன? அந்த பிளாக், அந்த மேடு, ஸ்லைடின் உள்ளே இருக்கும் சரிவு, மூன்றும் ஒன்றுக்கொன்று அளவு மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்குள் நடக்கிற நாடகம் இது. அந்தக் காலத்தில் நல்ல ஸ்டீலில், திறமையான மெஷினிஸ்டுகளை வைத்து அதைச் சாதித்தார்கள். இதே வழியில் .45 காலிபரில் மாடல் 53 என்று ஒன்றையும் பெடர்சன் செய்தார். அமெரிக்கக் கடற்படை அதைச் சோதித்துப் பார்த்து விரும்பியது. ஆனால் ராணுவம் 1911 கைத்துப்பாக்கியை ஏற்கனவே எடுத்துவிட்டது, போரும் வந்துவிட்டது. மாடல் 53 அதோடு சரி.

இப்போது ஒரு பெரிய தாவல் தாவி இந்த நூற்றாண்டுக்கு வருவோம்.

1987-ல் புளோரிடா மாநிலம், தகுதியுள்ள யார் கேட்டாலும் மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. பிறகு மாநிலம் மாநிலமாக இது பரவியது. கடைசியாக இல்லினாய்ஸ் 2013-ல் அனுமதித்தது. சட்டைக்குள் மறைகிற அளவுக்குச் சின்னதாக, ஆனால் 9 மி.மீ. தோட்டா போடுகிற மாதிரி ஒரு துப்பாக்கி வேண்டும் என்று லட்சக்கணக்கானவர்கள் கடைக்கு வந்தார்கள். நம் ஊரில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் வாங்குவதே பெரும்பாடு, அதனால் கைத்துப்பாக்கியை ஒரு சந்தைச் சரக்காக நினைத்துப் பார்ப்பதே நமக்குக் கஷ்டம். அங்கே அது செல்போன் போட்டி மாதிரிதான் நடந்தது. 2008-ல் ரூகர் எல்சிபி, 2011-ல் ரூகர் எல்சி9, 2012-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி எக்ஸ்டி-எஸ் என்று வரிசை.

போட்டியின் வேகத்துக்குச் சான்று, திரும்பப் பெற்ற கணக்குதான். எல்சிபி வெளிவந்த அதே வருடம் அக்டோபரில், கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று ரூகர் முதல் தொகுதிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகப் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. எக்ஸ்டி-எஸ் 2013 ஆகஸ்டில் திரும்ப அழைக்கப்பட்டது, தோட்டா ஏறும்போது தானே சுடக்கூடும் என்பதற்காக. இரண்டு கம்பெனிகளும் பிரச்சினையைத் தாமே சொன்னார்கள், சரிசெய்தார்கள், இரண்டு மாடல்களும் பிழைத்துக்கொண்டு நன்றாகவே விற்றன. புது மாடலில் கோளாறு வருவது கம்பெனியைச் சாகடிப்பதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ரெமிங்டன் இந்தப் பந்தயத்தில் தாமதமாக வந்தது. 1816-ல் எலிஃபலெட் ரெமிங்டன் தொடங்கிய கம்பெனி, நியூயார்க் மாநிலத்தில் இலியான் என்ற சிற்றூரே அதை நம்பி வாழ்ந்தது. ரைஃபிளிலும் ஷாட்கன்னிலும் பெரிய பெயர். கைத்துப்பாக்கியில் பல பத்தாண்டுகள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, 2010-ல் தான் 1911 மாடலின் ஒரு நகலை வெளியிட்டது. 2007-ல் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ரெமிங்டனை வாங்கி, வேறு பல துப்பாக்கிக் கம்பெனிகளோடு ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. 2012 தொடக்கத்தில் பாரா என்ற கைத்துப்பாக்கிக் கம்பெனியும் அந்தக் குடைக்குள் வந்தது. அதன் தொழிற்சாலை வட கரோலினாவில் சார்லட் நகரத்தின் பக்கத்தில் இருந்தது. புதிய ஆர்51-ஐ அங்கே செய்வது என்று முடிவானது.

2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். பயன்பட்ட ரைஃபிள் இதே குடையின் கீழ் இருந்த புஷ்மாஸ்டர் கம்பெனியுடையது. செர்பெரஸில் பணம் போட்டிருந்த ஓய்வூதிய நிதிகள் கொதித்தன, துப்பாக்கித் தொழிலையே விற்றுவிடுகிறேன் என்று செர்பெரஸ் அறிவித்தது. விற்க முடியவில்லை. எஜமானனே கைகழுவ நினைத்த வீட்டில்தான் ஆர்51 வளர்ந்தது.

2014 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் ஷாட் ஷோவை ஒட்டி ஆர்51 அறிமுகமானது. நியாயமாகச் சொன்னால், காகிதத்தில் அது அருமையான துப்பாக்கி. பெடர்சனின் தயங்கும் கதவை எடுத்து 9 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியிருந்தார்கள். அலுமினிய பிரேம், 3.4 அங்குலக் குழல், எடை சுமார் 620 கிராம், மேகஸினில் 7 தோட்டா. விலை 420 டாலர், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 26,000 ரூபாய். முன்கூட்டியே சுட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்த பத்திரிகை எழுத்தாளர்கள் உதை குறைவு, குறி துல்லியம், பிடிக்க சுகம் என்று எழுதினார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைக்கு வந்தவை வேறு.

2014 வசந்த காலத்தில் முதல் வாங்கியவர்களும் கடையில் வாங்கிச் சோதித்த விமர்சகர்களும் ஒரே மாதிரி புகார்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்லைடை இழுத்தால் உள்ளே மணல் போட்டது போல் கரகரவென்று வருகிறது. மேகஸின் சரியாக உட்காருவதில்லை. பின்பக்கக் குறிமுள் சுடச்சுட நகர்கிறது. இவை எரிச்சல்தான், ஆபத்து இல்லை. அடுத்தது தோட்டா ஏறாமல் நடுவில் சிக்குவது. அதற்கும் அடுத்தது, தோட்டா ஏறியும் ஸ்லைடு முழுவதும் முன்னால் போய் மூடாமல், ஒரு துளி இடைவெளியோடு நிற்பது.

இந்தக் கடைசிக் கோளாறுதான் முக்கியம். கதவு முழுதாக மூடவில்லை என்றால் விசையை அழுத்தினாலும் துப்பாக்கி சுடக் கூடாது, அதுதான் எந்தத் துப்பாக்கிக்கும் அடிப்படை விதி. ஆர்51-ல் கதவு முழுதாக மூடாத நிலையிலும் சில சமயம் வெடித்ததாக விமர்சகர்கள் பதிவு செய்தார்கள். வெளியே விழுந்த வெற்றுக்கூடுகளின் அடிப்பகுதி புடைத்திருந்தது. புடைத்த கூடு என்றால் அந்த இடத்தில் குழலின் சுவர் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பித்தளை தாங்கியதால் கை தப்பியது.

எண்களைப் பாருங்கள். பழைய மாடல் 51-ன் .380 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரத்தில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு. 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000. ஆர்51-ல் போடலாம் என்று விளம்பரப்படுத்திய கூடுதல் சக்தித் தோட்டாவுக்கு 38,500. பெடர்சனின் .45-க்கே 21,000 தான். அதாவது இரண்டு மில்லிமீட்டர் நாடகத்தை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அழுத்தத்தில் நடத்தத் துணிந்தார்கள். முடியாத காரியம் இல்லை, ஆனால் அளவு பிசகினால் மன்னிக்காத காரியம்.

அப்படியானால் மாதிரிக்குச் செய்த துப்பாக்கிகள் மட்டும் எப்படி ஓடின? ஒர்க்‌ஷாப் லேப்பில் ஃபிட்டிங் செய்தவர்களுக்குப் பதில் தெரியும். ஆண் பெண் துண்டுகள் இரண்டையும் ஒருவனே ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ராவினால் கச்சிதமாக உட்காரும். மார்க்கும் கிடைக்கும். ஆனால் என் ஆண் துண்டை எடுத்து அடுத்த மேஜைக்காரன் பெண் துண்டில் போட்டால் ஒன்று நுழையாது, அல்லது லொடலொடவென்று ஆடும். மாதிரித் துப்பாக்கி என்பது ஒருவனே ராவிய ஜோடி. தொழிற்சாலைத் துப்பாக்கி என்பது ஆயிரம் ஆண் துண்டுகளில் எதை எடுத்து ஆயிரம் பெண் துண்டுகளில் எதில் போட்டாலும் உட்கார வேண்டியது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகிற பாதையில்தான் காசும் காலமும் செலவாகும். இடையில் சில நூறு துப்பாக்கிகளைச் செய்து, ஆயிரக்கணக்கான தோட்டா சுட்டு, பாகங்களை அளந்து, அச்சுகளைத் திருத்தி, மறுபடி செய்ய வேண்டும். அந்த வேலை ஒழுங்காக நடந்திருந்தால் மேலே சொன்ன கோளாறுகள் தொழிற்சாலைச் சுவருக்குள்ளேயே தெரிந்திருக்கும். எந்த அபூர்வ நிலையிலும் வந்த கோளாறுகள் அல்ல அவை, முதல் பெட்டித் தோட்டா முடிவதற்குள் வந்தவை.

துப்பாக்கி கெட்டுப்போனால் அமெரிக்காவில் யாரிடம் போய் நிற்பது? இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. குழந்தைத் தொட்டில், டோஸ்டர், பொம்மைத் துப்பாக்கி வரை எதில் ஆபத்து இருந்தாலும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நிஜத் துப்பாக்கி மட்டும் அதன் வரம்பில் கிடையாது. சட்டத்திலேயே விலக்கிவிட்டார்கள். ஆக, இந்தத் துப்பாக்கியைத் திரும்பப் பெறு என்று கம்பெனிக்கு உத்தரவிட அரசுத் துறை எதுவும் இல்லை. கம்பெனியாகப் பார்த்துச் செய்ய வேண்டும், இல்லையென்றால் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இந்த நிலையில் வாரண்டிக் காகிதத்துக்கு எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கியவன் கையில் உடனடியாக இருப்பது அது ஒன்றுதான்.

அனுப்புவதிலும் சிக்கல். மறைக்கக்கூடிய துப்பாக்கிகளைத் தனிநபர் தபாலில் அனுப்பக் கூடாது என்று 1927-லேயே சட்டம். எனவே தனியார் கூரியர்தான். பொதுவாகக் கம்பெனியே கட்டணம் கட்டிய லேபிளை அனுப்பி வைக்கும். 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. பழுது பார்க்க வந்த துப்பாக்கியை, அல்லது அதற்குப் பதிலாக அதே வகைத் துப்பாக்கியை, உரிமையாளர் வீட்டுக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம், லைசென்ஸ் பெற்ற கடை வழியாகப் போக வேண்டியதில்லை.

2014 ஜூலையில் ரெமிங்டன் வாய் திறந்தது. அறிவிப்பின் சாரம் இது: நிபுணர்கள் சோதித்தபோது துப்பாக்கி நன்றாக இயங்கியது. விற்பனைக்குப் பிறகு சிலவற்றில் செயல்பாட்டுக் குறைகள் தெரிந்தன. உடனே உற்பத்தியை நிறுத்திவிட்டோம். துப்பாக்கி பாதுகாப்பானதுதான், ஆனால் எங்கள் தரத்துக்கு எட்டவில்லை. மாதிரியிலிருந்து பெருமளவு உற்பத்திக்கு மாறியபோது ஏற்பட்ட சிக்கல்தான் காரணம். அக்டோபரில் மறுபடி உற்பத்தி தொடங்கும். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தால் புதிய ஆர்51-உம், கூடுதலாக இரண்டு மேகஸின்களும், பெலிகன் கம்பெனியின் பெட்டி ஒன்றும் தருகிறோம்.

காரணத்தை ஒளிக்காமல் சொன்னதற்காக அவர்களைப் பாராட்டலாம். ஆனால் அந்தப் 'பாதுகாப்பானது' என்ற வார்த்தை எனக்கு நெருடுகிறது. தற்காப்புக்கு என்று விற்ற துப்பாக்கி தேவையான நொடியில் சுடாமல் நின்றாலும் அது பாதுகாப்பற்றதுதானே? தவிர, புடைத்த கூடுகளை என்னவென்று சொல்வது? திரும்பப் பெறுகிறோம் என்ற சொல்லையும் அவர்கள் தொடவில்லை, திருப்பிக் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம் என்ற அளவில் நின்றார்கள். அதே ஏப்ரலில்தான், 2006 மே முதல் செய்த மாடல் 700 ரைஃபிள்களின் ட்ரிக்கரில் குறை இருக்கலாம் என்று ரெமிங்டன் மிகப்பெரிய அளவில் திரும்பப் பெற அறிவித்திருந்தது. ஒரே வருடத்தில் இரண்டாவது முறை அந்தச் சொல்லை உச்சரிக்க மனம் வரவில்லை போலும்.

அக்டோபர் வந்தது, போனது. துப்பாக்கி வரவில்லை. 2015-உம் போனது. இடையில் என்ன நடந்தது தெரியுமா? அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் பெரிய புதுத் தொழிற்சாலை தொடங்குவதாக ரெமிங்டன் 2014 பிப்ரவரியில் அறிவித்திருந்தது. சார்லட் பக்கத்துத் தொழிற்சாலை உட்பட பல இடங்களை மூடி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார்கள். அதாவது, கோளாறான துப்பாக்கியைத் திருத்த வேண்டிய அதே மாதங்களில், அதைச் செய்த தொழிற்சாலையையே கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த மெஷின் எப்படி வெட்டும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் மெஷினோடு சேர்ந்து மாநிலம் தாண்டிப் போக மாட்டார்கள் அல்லவா?

2016-ன் பிற்பாதியில்தான் இரண்டாம் தலைமுறை ஆர்51 ஹன்ட்ஸ்வில்லிலிருந்து வந்தது. பெடர்சனுடையது முதல் பிறவி, 2014 இரண்டாவது என்றால் இது மூன்றாவது. முதல் லாட்டை விட எவ்வளவோ மேல் என்று சோதித்தவர்கள் எழுதினார்கள். கழற்றி மாட்டுவது மட்டும் அப்போதும் பொறுமையைச் சோதிக்கிற வேலையாகவே இருந்தது, பிளாக் சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துப் பார்த்து மாட்ட வேண்டும். ஆனால் பேச்சு மாறவில்லை. இரண்டரை வருடத்தில் ஷீல்டும் மற்றவையும் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஆர்51 என்றாலே 2014-ஐத்தான் எல்லோரும் நினைத்தார்கள். டிசைன் சரியானது என்று மூன்றாம் பிறவி ஓரளவு காட்டியும் பிரயோஜனமில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 95 கோடி டாலர் கடனில் மூழ்கியிருந்த ரெமிங்டன் 2018 மார்ச்சில் திவால் மனு போட்டது. இரண்டு மாதத்தில் மீண்டது, கடன் கொடுத்தவர்களே முதலாளிகள் ஆனார்கள். 2020 ஜூலையில் மறுபடி திவால். இந்த முறை துண்டு துண்டாக ஏலம். தோட்டாத் தொழில் விஸ்டா அவுட்டோருக்கு, மார்லின் ரைஃபிள் ரூகருக்கு, இலியான் தொழிற்சாலையும் ரெமிங்டன் துப்பாக்கிகளும் ரவுண்ட்ஹில் என்ற குழுவுக்கு 1.3 கோடி டாலருக்கு. இலியானில் ஏறக்குறைய 600 பேர் வேலை இழந்தார்கள். 2022 பிப்ரவரியில் சாண்டி ஹுக் குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் தர ஒப்பந்தமானது, கொடுத்தவை பழைய ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள். 2024 மார்ச்சில் இலியான் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

ரவுண்ட்ஹில் தொடங்கிய புதிய கம்பெனிக்கு ரெம்ஆர்ம்ஸ் என்று பெயர். அது ஷாட்கன்னும் ரைஃபிளும் செய்தது, ஆர்51-ஐத் தொடவில்லை. வாரண்டி விஷயத்திலும் தெளிவாகச் சொல்லிவிட்டது: தான் செய்த துப்பாக்கிகளுக்கு மட்டுமே பொறுப்பு, திவாலான பழைய கம்பெனி செய்தவற்றுக்கு இல்லை. 2014-ல் 420 டாலர் கொடுத்து வாங்கி, திருப்பி அனுப்பி, இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து மாற்றுத் துப்பாக்கி பெற்றவருக்கு, 2020-க்குப் பிறகு அதில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால்கூட அனுப்பி வைக்க முகவரி இல்லை. பெலிகன் பெட்டி மட்டும் உறுதியான பெட்டி என்கிறார்கள், அதற்கு இன்னொரு கம்பெனியின் வாரண்டி.